திருப்பதி குடையைக் குடும்பத்தோடு பார்க்க: பூக்கடை முதல் வில்லிவாக்கம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

புரட்டாசி நெருங்கினாலே எங்கள் வீட்டில் அம்மா கேட்கும் கேள்வி ஒன்றுதான். "குடை என்னைக்குடி வருது?" சென்னையிலிருந்து ஊர்வலமாகத் திருப்பதிக்குப் போகும் வெண்பட்டுக் குடைகளைத்தான் கேட்கிறார்.

நான் பிறந்தது ஓட்டேரி. வாழ்க்கைப்பட்டது அயனாவரம். இரண்டு இடத்திலும் குடை வாசலுக்குப் பக்கத்தில் போகும். கொரோனா சமயம் தவிர நான் பார்க்காத வருஷம் கிடையாது. போன முறை வேளச்சேரியில் இருக்கும் என் நாத்தனார் மகள், முதல் தடவையாகக் கணவரையும் இரண்டு சின்னக் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு யானைகவுனிக்குப் போனாள். மூன்று மணி நேரம் வெயிலில் நின்றாள். குடை வந்தபோது பார்த்தது முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான். குழந்தை அழுது, பால் பாட்டில் காலியாகி, குடையின் உச்சியைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிட்டாள். "அத்தை, உங்க ஏரியா விசேஷம், நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். நியாயமான கோபம். அவளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடை உங்களைக் கடக்க ஒரு நிமிஷம் போதும். காத்திருப்பதோ மூன்று மணி நேரம். அதனால் எங்கே நன்றாகத் தெரியும் என்று இடம் தேடாதீர்கள். வீட்டிலேயே வயதானவரும் வீட்டிலேயே சின்னதும் எங்கே மூன்று மணி நேரம் சௌகரியமாக இருப்பார்களோ, அதுதான் உங்கள் இடம்.

குடை எங்கிருந்து எங்கே போகிறது

திருமலை பிரம்மோற்சவம் ஒன்பது நாள். ஐந்தாம் நாள் கருட சேவை. அந்தக் கருட சேவைக்காகச் சென்னையிலிருந்து வெண்பட்டுக் குடைகள் கால்நடையாகப் போகின்றன. மொத்தம் 11 குடைகள். இரண்டு திருச்சானூர் பத்மாவதித் தாயாருக்கு, ஒன்பது திருமலைக்கு.

கிளம்பும் இடம் என்.எஸ்.சி. போஸ் சாலையில் பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயில். பக்கத்திலேயே சென்னமல்லீஸ்வரர் கோயில். இரண்டையும் சேர்த்துப் பட்டணம் கோயில் என்பார்கள். இன்றைக்கு ஹைகோர்ட் இருக்கும் இடத்தில்தான் பழைய கோயில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அதை இடித்த பிறகு இங்கே வந்தது. பட்டணத்தின் பெயரையே தாங்கிய பெருமாளிடமிருந்து ஏழுமலையானுக்கு மரியாதை போகிறது என்று எங்கள் அப்பா சொல்வார். எனக்கு அது மிகவும் பிடித்த விளக்கம்.

முதல் நாள் காலை பூஜை முடிந்து, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, பைராகி மடம், வால்டாக்ஸ் ரோடு வழியாக வந்து, சாயங்காலம் 4 மணியளவில் யானைகவுனியைத் தாண்டும். பிறகு சூளை, பெரம்பூர் பேரக்ஸ் ரோடு, ஸ்ட்ராஹன்ஸ் ரோடு, ஓட்டேரி, கொன்னூர் நெடுஞ்சாலை. ராத்திரி அயனாவரம் காசி விஸ்வநாதர் கோயிலில் தங்கல். இரண்டாம் நாள் ஐ.சி.எஃப்., ஜி.கே.எம். காலனி, திரு.வி.க. நகர், பெரம்பூர் சுற்றி, வில்லிவாக்கம் சௌமிய தாமோதரப் பெருமாள் கோயிலில் தங்கல். அதற்குப் பிறகு பாடி, அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் என்று போய்க்கொண்டே இருக்கும். என் அனுபவம் வில்லிவாக்கத்தோடு முடிகிறது, அதனால் அதுவரைக்கும்தான் எழுதுகிறேன்.

தேதி, நேரம்

சமீப வருஷங்களில் பிரம்மோற்சவக் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால் குடை கிளம்புகிறது. 2024-ல் கொடியேற்றம் அக்டோபர் 4, குடை கிளம்பியது அக்டோபர் 2. 2025-ல் செப்டம்பர் 24-க்கு 22. திருமலை பிரம்மோற்சவத் தேதி முன்கூட்டியே வந்துவிடும் என்பதால் லீவு போடுவதற்கும் ஊரிலிருந்து ஆட்களை வரச் சொல்வதற்கும் இந்தக் கணக்கு உதவும். கிளம்புவதற்கு முந்தின நாள் செய்தித்தாளில் வழித்தடமும் போக்குவரத்து மாற்றமும் வரும். கட்டாயம் பாருங்கள். அந்த வருஷம் எந்தத் தெருவில் வேலை நடக்கிறதோ அதைப் பொறுத்துச் சின்ன மாற்றங்கள் இருக்கும்.

அறிவித்த நேரத்தை நம்பிக் கடைசி நிமிஷத்தில் வந்து நிற்காதீர்கள். கவுனி தாண்டும் நேரம் மட்டும் ஓரளவு சொன்னபடி நடக்கும். அதற்கு மேலே மண்டகப்படி (வழியில் நிறுத்திச் செய்யும் மரியாதை), ஆரத்தி, கூட்டம் என்று ஒவ்வொரு முனையிலும் நேரம் கரையும். ஓட்டேரியில் எட்டு மணி என்று சொன்னால் ஒன்பதரை வரை பொறுக்கத் தயாராக இருங்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி உண்டு. சூளையில் அண்ணி. குடை அவர் வீட்டைத் தாண்டியதும் ஓட்டேரிக்குப் போன். ஓட்டேரி தாண்டியதும் பெரியம்மா எங்களுக்குப் போன். பாதையில் உங்களுக்கும் ஒரு சொந்தக்காரரோ, ஆபீஸ் சிநேகிதரோ இருப்பார். இன்றைக்கே அவர் நம்பரைத் தேடி எடுத்துவையுங்கள்.

இடம் தேர்வு

இதில்தான் பாதி வேலை இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூக்கடை: காலையில் கோயில் வாசலிலேயே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. பூவாசமும் நாதஸ்வரமும் பஜனை கோஷ்டியும் கலந்து வரும் அந்தக் காலை வேளைக்கு ஈடு கிடையாது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மெட்ரோ பிடித்து ஹைகோர்ட் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ஆனால் தெருக்கள் ரொம்பக் குறுகல். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே நுழைய முடியாது. நடக்கத் தெரிந்த பிள்ளைகள், திடமான பெரியவர்கள் மட்டும் போகலாம்.

யானைகவுனி: கவுனி என்றால் கோட்டை வாசல். பழைய கறுப்பர் பட்டணத்துக்கு, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு, மதில் இருந்த காலத்து வாசல் பெயர் இது. அந்த மதிலுக்காகப் போட நினைத்த வரிதான் வால்டாக்ஸ் ரோட்டின் பெயராக நிற்கிறது. மதில் போய்விட்டது, வாசல் போய்விட்டது. ஆனாலும் "குடை கவுனி தாண்டியாச்சா" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறோம். பட்டணத்து எல்லையைப் பெருமாள் தாண்டுகிற இடம் என்பதால் கூட்டம் முழுக்க இங்கேதான் சேரும். ஒரு தடவையாவது வாழ்க்கையில் இங்கே நின்று பார்க்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பத்து வயசுக்குக் கீழே பிள்ளை இருந்தால் வேண்டாம். கர்ப்பிணிகள் வேண்டாம். முழங்கால் வலிக்காரர்கள் வேண்டாம். கவுனி தாண்டும் அந்தப் பத்து நிமிஷத்தில் கூட்டம் ஒரே உடம்பாக நகரும். நாம் நினைத்தாலும் நிற்க முடியாது.

சூளை, ஓட்டேரி: குடும்பத்துக்கு என் முதல் சிபாரிசு. வெயில் இறங்கிவிடும். வீடுகளும் கடைகளும் கலந்த தெரு என்பதால் உட்காரப் படி கிடைக்கும், தண்ணீர் கிடைக்கும், அவசரத்துக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்டலாம். முக்கியமாக, குடை திரும்புகிற முனையாகப் பார்த்து நில்லுங்கள். நேர் ரோட்டில் விறுவிறுவென்று போய்விடும் குடை, முனையில் வேகம் குறைந்து, திசை பார்த்து, பிறகுதான் நகரும். அந்த ஒரு நிமிஷம் அங்கே மூன்று நிமிஷமாகும். ஆனால் முனையின் உள்மூலையில் நிற்காதீர்கள். கூட்டம் திரும்பும்போது நசுங்குவது அந்த இடம்தான். எதிர்ப்பக்கம், வெளிவளைவில், ஒரு கடைப்படியின் மேல் நின்றால் போதும்.

இப்போது ஓட்டேரி, அயனாவரம் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். தடுப்பு இருக்கும் இடத்தில் ரோடு பாதியாகிவிடும். ஒரு பக்கம் தகரம், மறுபக்கம் கூட்டம் என்று நடுவில் மாட்டிக்கொள்ளாமல், தடுப்பு முடிந்து ரோடு அகலமாகிற இடமாகப் பாருங்கள். இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் அந்த வழியாக ஒரு நடை நடந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

அயனாவரம் தங்கல்: யாரும் அதிகம் சொல்லாத இடம், எனக்கோ மனசுக்கு நெருக்கமான இடம். ராத்திரி குடைகள் காசி விஸ்வநாதர் கோயிலில் தங்குவதால், மறுநாள் விடியற்காலை கூட்டமில்லாமல் நின்று நிதானமாகப் பார்க்கலாம். கூட்டத்துக்கே வர முடியாத பெரியவர்களை ஆட்டோ வைத்து அப்போது அழைத்து வாருங்கள்.

வில்லிவாக்கம்: பெரம்பூர், ஆவடி பக்கத்துக்காரர்களுக்கு ரயில் வசதி. வில்லிவாக்கம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பெருமாள் கோயிலைச் சுற்றி நிற்பதற்கு ஓரளவு இடம் உண்டு. ஆனால் வந்து சேர ராத்திரியாகிவிடும், பிள்ளைகள் தூங்கிவிடும்.

எங்கே நின்றாலும், மத்தியானத்துக்கு மேல் வெயில் நேரமாக இருந்தால் தெருவின் மேற்குப் பக்கம் நில்லுங்கள். கட்டட நிழல் உங்கள் மேல் விழும். மாடியில் நிற்கக் கூப்பிட்டால் பெரியவர்களை அனுப்புங்கள், ஆனால் பழைய வீட்டு சன்ஷேடு மேல் யாரையும் ஏற விடாதீர்கள்.

கையில் என்ன எடுத்துப் போவது

ஒரு ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். கடலை மிட்டாய், பிஸ்கட். ஈரத்துண்டு. மடக்கு ஸ்டூல் ஒன்று, அம்மாவுக்காக. செப்டம்பர், அக்டோபர் சாயங்காலம் திடீரென்று இடித்துக்கொண்டு மழை வரும், அதற்கு மழைக்கோட்டு எடுங்கள். மழைக்குடையை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது, கம்பி கண்ணில் குத்தும். செருப்பு வார் வைத்ததாக இருக்கட்டும். கூட்டத்தில் கழன்ற செருப்பைக் குனிந்து எடுக்கப் போய் விழுந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ராத்திரி வேளை மாத்திரையையும் கையோடு எடுத்து வரட்டும், நேரம் தள்ளிப்போவது நிச்சயம்.

பாத்ரூம் விஷயத்தைப் பெண்கள் வெளியே சொல்ல மாட்டோம். தண்ணீர் குடிக்காமலேயே நின்று தலைசுற்றி விழுவோம். அது வேண்டாம். தெரிந்த வீடு ஒன்று பக்கத்தில் இருக்கிற மாதிரி இடம் பாருங்கள், முன்கூட்டியே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். குடை நாளில் எங்கள் தெருவில் யாரும் முடியாது என்று சொன்னதில்லை.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். வழிநெடுகப் பந்தல் போட்டு நீர்மோர், பானகம், சுண்டல், புளியோதரை, தயிர்சாதம் கொடுப்பார்கள். புரட்டாசி மாசம் என்பதால் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் கறி, மீன் கிடையாது, அந்தக் கை அன்னதானப் பக்கம் திரும்பிவிடும். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். தொன்னையைக் கீழே போடாமல் ஒரு பையில் சேருங்கள். கூட்டம் போன பிறகு ராத்திரியோடு ராத்திரியாக அந்த ரோட்டைப் பெருக்குகிறவர்களும் நம் தெருக்காரர்கள்தான்.

பிள்ளைகள்

என் மகளுக்கு ஐந்து வயசாக இருந்தபோது சூளையில் அவள் கையை விட்டுவிட்டேன். ஆரத்தித் தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டினேன், அவ்வளவுதான். திரும்பினால் காணோம். பன்னிரண்டு நிமிஷம். நான் வலப்பக்கம் ஓட, கணவர் இடப்பக்கம் ஓட, என் குரல் எனக்கே கேட்காத மேளச் சத்தம். கடைசியில் முனையில் கூடை வைத்து உட்கார்ந்திருந்த பூக்கார ஆயா அவளை மடியில் வைத்து, கையில் ஒரு முழம் மல்லியைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார். "அம்மா தேடிக்கினு வருவா, இங்கயே குந்து கண்ணு" என்று சொன்னாராம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு விதி இது. காணாமல் போனால் பிள்ளை நடக்கக் கூடாது. கண்ணில் படுகிற, உட்கார்ந்து வியாபாரம் செய்கிற ஓர் அம்மாவிடம் போய் நிற்க வேண்டும். நடந்துபோகிறவர்கள் நகர்ந்துவிடுவார்கள், கடை போட்டவர் நகர மாட்டார். பெரியவர்களில் ஒருவர் பிள்ளையைத் தவறவிட்ட இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும், மற்றவர் தேட வேண்டும். சட்டைப் பையில் ஒரு சீட்டில் போன் நம்பர் மட்டும் எழுதி வையுங்கள். போட்டோவும் முக்கியம். கிளம்பும்போது அன்றைய உடுப்போடு ஒரு படம் எடுத்துவிட்டால் போலீஸாரிடம் காட்ட உதவும், "என்ன கலர் கவுன்" என்று கேட்டால் பதற்றத்தில் வாய் வராது.

தோளில் தூக்கிக் காட்டும்போது மேலே பாருங்கள். கேபிள் ஒயர் கை எட்டும் உயரத்தில் தொங்கும் தெருக்கள் நிறைய. கற்பூரத்தட்டு பக்கத்தில் போகும்போது பிள்ளையை உடனே இறக்கிவிடுங்கள். மேளத்துக்குப் பயப்படுகிற குழந்தையாக இருந்தால் காதில் பஞ்சு வைத்து, வாத்தியக் கோஷ்டி போன பிறகு முன்னால் கொண்டுவாருங்கள். மேளம் முன்னால் போகும், குடை பின்னால் வரும், நடுவில் நேரம் இருக்கும்.

குடை வரும் நேரம்

முதலில் தூரத்தில் "கோவிந்தா, கோவிந்தா" கேட்கும். உடனே எழுந்து நெருக்காதீர்கள், இன்னும் நேரம் இருக்கிறது. பஜனை கோஷ்டி, நாதஸ்வரம், செண்டை மேளம் எல்லாம் கடந்த பிறகு, தெருவிளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாக ஒன்று அசைந்து வரும். அப்போது எழுந்தால் போதும்.

பெரும்பாலானவர்கள் குடையின் உச்சிக் கலசத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, குடையின் உட்புறம். வெண்பட்டுக்கு அடியில் மூங்கில் சட்டங்கள் விரிந்து, ஓரத்தில் ஜரிகைக் குஞ்சம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு அலைபோல ஆடும். சுற்றிய மாலையிலிருந்து ரெண்டு இதழ் உதிரும், அதைப் பிடிக்க எங்கள் தெருப் பிள்ளைகள் கையை விரித்து நிற்பார்கள். இரண்டாவது, தூக்கி வருகிறவர்களின் கை. கம்பைத் தாங்குகிறவர் சோர்ந்ததும், பக்கத்தில் நடப்பவர் எதுவும் பேசாமல் துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைவார். ஒரு நொடி நான்கு கைகள் ஒரே கம்பில் இருக்கும். பிறகு பழைய கை விலகும். குடை சாய்வதே இல்லை.

2022-ல் செஸ் ஒலிம்பியாட் ஜோதி ஜூன் 19 டெல்லியில் கிளம்பி, 40 நாளில் 75 ஊர் சுற்றி நம் ஊருக்கு வந்தது. கைமாறிக் கைமாறி வருவதை டிவியில் பார்த்த என் மகன், "அம்மா, நம்ம குடை மாதிரியே தூக்கிக்கினு வராங்கமா" என்றான். பிள்ளைக்கு எது முதலில் தெரிந்ததோ அதை வைத்துத்தான் உலகத்தைப் புரிந்துகொள்கிறது. அதற்காகவே பிள்ளைகளை அழைத்து வாருங்கள் என்பேன்.

குறுக்கே ஒயர் வந்தால் நீளக்கழியால் ஒருவர் தூக்கிப் பிடிப்பார், குடை மெல்லச் சாய்ந்து, அடியில் புகுந்து, மறுபடி நிமிரும். கூட்டமே அந்த நேரம் மூச்சைப் பிடித்து நிற்கும். நிமிர்ந்ததும் எழும் கோவிந்தா இருக்கிறதே, அதைக் காதால்தான் கேட்க வேண்டும்.

போனில் பத்து நொடி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு உள்ளே வைத்துவிடுங்கள். தூக்கிய கை பின்னால் இருக்கும் பாட்டிக்கு மறைக்கும். குடைக்கம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் நடக்கிறவரின் காலடிக்கு நடுவே பாயாதீர்கள். பட்டுக்குப் பக்கத்தில் கற்பூரம் ஏந்தாதீர்கள்.

போன பிறகு

குடை போனதும் கூட்டம் இரண்டாக உடையும். பாதி பின்னாலேயே நடக்கும், பாதி வீட்டுக்குத் திரும்பும். இரண்டும் மோதிக்கொள்ளும் அந்த இருபது நிமிஷம் நகராமல் படியிலேயே உட்காருங்கள். மீதி சுண்டலைச் சாப்பிடுங்கள். குடை போன பாதையில் பஸ் உடனே வராது. பக்கத்து ரோட்டுக்கு நடந்துபோய்ப் பிடியுங்கள், அல்லது பெரம்பூர், வில்லிவாக்கம் ரயில் நிலையத்தைக் குறி வையுங்கள். வண்டியில் வருகிறவர்கள் முதலிலேயே நான்கு தெரு தள்ளி நிறுத்துங்கள்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரிக் கூட்டத்துக்கு வர முடியவில்லை. போன முறை மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு ஆட்டோவில் காசி விஸ்வநாதர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். ராத்திரி நடந்த களைப்பில் கோஷ்டிக்காரர்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். வாசலில் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அம்மா குடைக்கு நேர் கீழே போய் நின்று, கையைக் கூப்பிக்கொண்டு, ரொம்ப நேரம் மேலேயே பார்த்தார். யாரும் நகரச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து காப்பி கூடக் குடிக்காமல் வில்லிவாக்கத்தில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டார். "கெளம்பப் போறாருடி. நைட்டு வந்துடுவாரு. ஸ்டூலை இப்பவே வாசல்ல போட்டு வை."